ஈசானி மூலையிலிருந்து நாற்பது மீட்டர்

என் வலது கைக் கட்டைவிரல் முதன்முதலாக ஆடியது ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்தில். மாப்பிள்ளை அழைப்பு. திறந்த ஜீப்பில் மாப்பிள்ளை நிற்கிறார், முன்னால் மேளம், பின்னால் கூட்டம். நான் மண்டபத்துச் சுவரோரம் ஒதுங்கி நின்று, ட்ரோனை ஊர்வலத்தின் தலைக்கு மேலே ஏற்றி மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்த கை. அன்றைக்கு ரிமோட்டின் குச்சி தானாகத் துடிப்பது போல இருந்தது. செத்த நேரம் கழித்துத்தான் துடிப்பது விரல் என்று தெரிந்தது. படத்தில் மாப்பிள்ளை இடமும் வலமுமாக வெட்டி வெட்டித் திரும்பினார்.

வீடியோவைக் கொடுக்கப் போனபோது பெண்ணின் தாய்மாமா, "என்னப்பா, மாப்ளைய ஊஞ்சல்ல வச்சா எடுத்த?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காற்று என்று சொன்னேன். அன்று தோரணத்து மாவிலைகூட அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினேன். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார்கள். இடதும் ஆடியது. ஒரு தாளில் பேனாவால் சுருள் வரையச் சொன்னார்கள். பயப்படுகிற வியாதி இல்லை, சிலருக்கு வயதில் இப்படி வரும், மாத்திரையில் குறையும், முழுசாகப் போகாது என்றார் டாக்டர். நான் வரைந்த சுருள் கோழி கிளறிய மண் போல இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் காட்டவில்லை.

அதன் பிறகு கல்யாண வேலைக்குப் போவதை விட்டுவிட்டேன். இப்போது எல்லாரும் செல்போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகிறாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வருவாள். என் காரணத்தை அவள் கிளறிக் கேட்கவில்லை.

ஆனால் ட்ரோன் இருந்தது. கால் கிலோகூட இல்லாத சின்ன ட்ரோன். அதை வைத்துக் குச்சியைத் தொடாமல் என்ன செய்ய முடியும் என்று தேடியபோதுதான் அந்த ஆப்பைப் பற்றிக் கேள்விப்பட்டேன். விருதுநகர்ப் பக்கம் கண்மாய், குவாரி எல்லாம் அளக்கப் பறக்கவிடுகிற ஒருவர் போனில் சொன்னார். ட்ரோன் செய்த கம்பெனியின் சொந்த ஆப்பில் அந்த வசதி கிடையாது. இது வேறு யாரோ, எந்த நாட்டிலோ இருந்து செய்தது. அதைப் போனில் ஏற்றிவிட்டால், நிலத்தின் படத்தின் மேல் விரலால் எல்லையைத் தொட்டு வரைந்தால் போதும். எத்தனை மீட்டர் உயரம், எவ்வளவு வேகம், ஒரு படமும் அடுத்த படமும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், ட்ரோன் தானாக எழும்பி, ஏர் உழுவது போலச் சால் சாலாகப் போய்ப் படம் எடுத்துவிட்டு, எழும்பின இடத்துக்கே வந்து தானாக உட்காரும். பிறகு எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டரில் ஒட்டினால் தோட்டம் முழுவதும் ஒரே படமாக வரும். மனிதக் கைக்கு அதில் வேலை இல்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆப் முழுக்க இங்கிலீஷ். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் தமிழில் எழுதி, எதிரே அது என்ன செய்யும் என்று குறித்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் நோட்டு பாதி நிறைந்தது. ஒருநாள் ஆப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதினேன். ஏதாவது கோளாறு என்று ட்ரோன் கம்பெனிக்கு எழுதினால், வெளி ஆப் உபயோகித்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வரும். ஆப்காரர்களுக்கு எழுதினால், அது ட்ரோனின் கோளாறு என்பார்கள். நடுவில் நான் வெயிலில் நிற்பேன்.

இருந்தாலும் இந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களோடு பேசக் கூச்சம். கல்யாண வீட்டில் "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, சிரிங்க" என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். தோட்டத்தில் தென்னைமரத்தை யாரும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை. வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய், சேத்தூரில் இரண்டு மாந்தோப்பு என்று வேலை வந்தது. வெயிலில் திரை தெரிவதற்காகத் தாவாக் கட்டையில் கறுப்புத் துணியை இடுக்கிக்கொண்டு அதற்குள் போனைப் பார்த்தபடி நிற்பேன். விரல் ஆடினாலும் துணி மறைத்துக்கொள்ளும். இப்படியே இன்னும் ஏழெட்டு வருஷம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஓட்ட முடியாவிட்டால் வேறு வேலை எனக்குத் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில் யாரும் கற்றுத்தரவும் மாட்டார்கள்.

அப்போதுதான் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து ஒரு வேலை வந்தது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, மலையடிவாரத்தில் ஒன்பது ஏக்கர் தென்னை. காண்டாமிருக வண்டு விழுந்து மரம் மரமாகக் குருத்து காய்கிறது. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓலை தொங்கத் தொடங்கும்போது மரம் போயிருக்கும். எந்த மரத்தில் குருத்து இருக்கிறது, எதில் இல்லை என்று மேலிருந்து ஒரு படம் வேண்டும் என்றார்.

இரண்டு நாள் முன்னாலேயே போய்ப் பார்த்தேன். தோப்பு கிழமேற்காக நீளம். கிழக்கே தார் ரோடு, மேற்கே மலை. நிலம் கிழக்கிலிருந்து மேற்கே ஏறிக்கொண்டே போகிறது. நடந்தால் ஏற்றம் தெரியாது, திரும்பி வரும்போது சைக்கிள் தானாக உருளும், அந்த மாதிரி ஏற்றம். மேற்குக் கோடியில் மோட்டார் ரூம். அதற்கு அப்புறம் வேலி, வேலிக்கு அப்புறம் காடு. வனத்துறைச் சாவடியில் போய் விஷயத்தைச் சொன்னேன். வேலி தாண்டக் கூடாது என்றார்கள். ஆப்பில் எல்லையை வேலிக்கு நன்றாக உள்ளேயே வரைந்தேன்.

இந்த ஆப்பில் ஒரு விஷயம் உண்டு. நாற்பது மீட்டர் என்று நாம் எழுதினால், அது ட்ரோன் எழும்பின இடத்திலிருந்து நாற்பது மீட்டர். போகப் போக நிலம் ஏறினால் ட்ரோன் கூடவே ஏறாது. அதனால் எப்போதும் மேட்டிலிருந்துதான் எழுப்ப வேண்டும். நோட்டில் "மோட்டார் ரூமில் இருந்து 40" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பறக்கவிடுகிற அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் மோட்டார் ரூம் பக்கத்தில் பாயை விரித்து ட்ரோனை வைத்துவிட்டேன். கீழிருந்து தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா, இங்க எதுக்கு விரிச்சிருக்க? ஈசானில எல்லாம் எடுத்து வச்சாச்சு, வா."

"அண்ணாச்சி, இது மேட்டுல இருந்துதான்..."

"மேட்டுல என்ன இருக்கு? மோட்டார் இருக்கு, பாம்பு இருக்கு. இந்தத் தோப்புல மொதத் தென்னம்பிள்ள வச்சது ஈசானி மூலைல. கெணறு வெட்டுனது அங்க. எதையும் அங்க இருந்து தொடங்குனாத்தான் வெளங்கும். பாயச் சுருட்டு."

வடகிழக்கு மூலை. தோப்பிலேயே ஆகப் பள்ளமான இடம். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயெடுத்தேன், அவர் பாயின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார். நான் மறுமுனையைத் தூக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. எத்தனையோ இடத்தில் எனக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது.

ஈசானி மூலையில் அவர் மனைவி ஒரு செங்கலில் மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, பக்கத்தில் தேங்காய், பழம், சூடம் எல்லாம் வைத்துக் காத்திருந்தார். இன்னொருவரும் அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தோப்பில் காய் வெட்டுகிற மரமேறி. என் வயதுதான் இருக்கும். தளைக்கயிறு தோளில் தொங்கியது.

"அண்ணாச்சி, உங்க தும்பி மரத்துக்கு மரம் நின்னு குருத்தப் பாக்குமா? அப்பம் எனக்கு இன்னையோட லீவா?" என்று என்னிடம் கேட்டார்.

தோப்புக்காரர் விடவில்லை. "நீ பாத்தேன் பாத்தேன்னு சொல்லித்தான் பதினெட்டு மரம் மொட்டையா நிக்கி. இனி இது பாத்துச் சொல்லட்டும்."

"இது என்னத்தச் சொல்லும்? ஙொய்ங்னு சொல்லும். அம்புட்டுதான்."

"நீ அதுவும் சொல்லலயேல."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே செங்கலில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். "தம்பி, சூடம் அணையறதுக்குள்ள எழும்பிரணும். அதான் கணக்கு."

எனக்கு அப்போதும் வழி இருந்தது. ஆப்பில் நாற்பதை அறுபதாக மாற்றினால் போதும். ஆனால் உயரத்தை மாற்றினால் சால் எல்லாம் மாறும், திட்டத்தை மறுபடி ட்ரோனுக்கு அனுப்ப வேண்டும், மூன்று நான்கு நிமிஷம் ஆகும். சூடம் எரிந்துகொண்டிருந்தது. மூன்று பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் ஆடத் தொடங்கியது. ஏற்றம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது, பத்து மீட்டர் இருக்கும், மேலே பறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையில் பச்சைப் பட்டையை ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளினேன். இரண்டாம் தடவைதான் தள்ளுப்பட்டது. ட்ரோன் எழும்பியது. சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் சால் தெற்கே போனது, திரும்பி வடக்கே வந்தது. ஒவ்வொரு சாலும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்ந்தது. துணிக்குள் தலையை விட்டுப் படத்தைப் பார்த்தேன். தென்னைகள் மேலிருந்து பார்க்கப் பச்சை நட்சத்திரம் மாதிரி இருக்கும். தோப்புக்காரரும் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

"அடேயப்பா! குருத்து தெரியுதுடா. அந்தா, அதுல இல்ல. மொட்டை. ஏலே, அது எந்த மரம்ல? நீ போன வாரம் ஏறுன மரம்லா?"

"அங்க இருந்து பாத்தா எல்லாம் மொட்டையாத்தான் தெரியும்" என்றார் மரமேறி, இருந்த இடத்திலிருந்தே.

சால் போகப் போகத் தென்னங்கொண்டைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. தோப்புக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாரு, இன்னும் நல்லாத் தெரியுது. ஓலையவே எண்ணலாம் போல. நல்ல மிஷின்தான்ப்பா." நன்றாகத் தெரிவதற்குக் காரணம் மரம் மேலே வருவதுதான். ஏற்றம் பத்து மீட்டர் இல்லை. இருபது இருக்கும். நிறுத்த வேண்டும். ஆனால் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி நிறுத்துவது, இந்தச் சால் முடியட்டும் என்று நினைத்தேன். அந்தச் சால் முடிந்தது. அடுத்ததும் முடியட்டும் என்று நினைத்தேன்.

மோட்டார் ரூமுக்குச் சற்றுக் கீழே உயரமான மரங்கள் வரிசையாக நின்றன. திரையில் ஒரு கொண்டை நேரே வந்தது. ஓலை நுனி கண்ணைக் குத்துவது போல வந்தது. நிறுத்துவதற்கும் அதே மாதிரி ஒரு பட்டை உண்டு, சிவப்பு. தெரியாமல் விரல் பட்டு நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதையும் ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். பெருவிரலை வைத்தேன். பாதி வழியில் விரல் துள்ளியது, பட்டை பழைய இடத்துக்கே போய்விட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி போய்விட்டது. மூன்றாம் தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். தூரத்தில் அரிசிச் சாக்கைக் கிழித்தது போல ஒரு சத்தம். அப்புறம் அந்த ஙொய்ங் சத்தம் இல்லை. திரை கறுத்தது. இங்கிலீஷில் ஏதோ வந்தது. அதைப் படிக்க நோட்டு தேவைப்படவில்லை.

மரமேறிதான் முதலில் எழுந்தார். "ஙொய்ங்னு சொல்றதும் போச்சா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வாங்க அண்ணாச்சி, பாப்போம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் மேற்கே நடந்தோம். கீழே விழுந்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. அது போனால் இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை, வாங்கினாலும் இந்தக் கையோடு என்ன செய்வது. ஒன்பது ஏக்கரும் நடக்க முடியாத தூரமாக இருந்தது. தோப்புக்காரர் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் மரமேறியின் கண்ணுக்குத்தான் பட்டது. ஒரு கொண்டையின் நடுவில், இரண்டு மட்டைக்கு இடையில், ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

"குருத்த நல்லாக் கிட்டப் போயே பாத்திருக்கு" என்றார் மரமேறி. தளையைக் காலில் மாட்டி நாலு எட்டில் பாதி மரத்துக்குப் போய்விட்டார். மேலே கொண்டைக்குள் தலை மறைந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மொதலாளி, இந்த மரத்துல குருத்து இருக்கு. எழுதிக்கிடுங்க."

இறங்கி வந்து மடியிலிருந்து ட்ரோனை எடுத்தார். இரண்டு இறக்கை முறிந்திருந்தது. கேமரா மேல் ஒரு கீறல்கூட இல்லை. உபரி இறக்கை என் பெட்டியில் உண்டு. எனக்கு உயிர் வந்தது. வாங்குவதற்குக் கையை நீட்டினேன். கொடுக்க வந்தவர் கொடுக்காமல் என் கையைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கை இப்படி ஆடுது? காலைலயே பாத்தேன். பயந்துட்டிய போலன்னு நெனச்சேன்."

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"எங்க தொழில்ல கால் இப்படி ஆடுச்சுன்னா கீழ நிக்கச் சொல்லிருவாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ட்ரோனை என் கையில் தராமல் நேராகப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார்.

தோப்புக்காரர் இதைக் கவனிக்கவில்லை. அவர் மரத்தின் உயரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா? ஈசானில தொடங்குனதாலதான் இம்புட்டோட போச்சு. மேட்டுல இருந்து விட்டிருந்தா சுக்குநூறா ஆயிருக்கும். இறக்கைய மாட்டு. இன்னொரு சூடம் கொளுத்துவோம். மறுபடி அங்க இருந்தே விடு."

எனக்கு இந்த இடத்தில் தப்பிக்க எத்தனையோ வழி இருந்தது. மிஷின் கோளாறு என்று சொல்லலாம். வெளி ஆப், யாரோ செய்தது, அவன் தப்பு என்று சொல்லலாம். சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் மறுபடி அதே பள்ளத்தில் பாயை விரிக்க வேண்டும். அதே மரம் மறுபடி வரும். அதை நினைத்தபோது ஒரு சலிப்பு வந்தது. பயத்தைவிடச் சலிப்பு பெரிதாக இருந்தது. அதனால்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணாச்சி, அங்க இருந்து விட்டதாலதான் முட்டிச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எழும்பின எடத்துல இருந்துதான் அது உயரத்த அளக்கும். கெணத்துக்குள்ள நின்னு நாப்பது மீட்டர் கயிறப் பிடிச்ச மாதிரி. மேட்டுக்கு வரும்போது அந்த நாப்பது இருக்காது. நான் காலையிலயே சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்பு."

"ஈசானி பள்ளம்ங்கியா?"

"தோப்புலயே பள்ளம் அதுதான்."

"பொறவு கெணறு எங்க வெட்டுவாங்க, மேட்டுலயா?" என்றார் அவர் மனைவி, கணவரைப் பார்த்து. ஈசானியில் தொடங்காத காரியம் எதுவும் அவர் கையால் நடந்ததில்லை போல. முகம் சுண்டிப்போயிற்று. நான் செய்த வேலை அதோடு முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அம்மாதான் மறுபடி பேசினார். "இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கணும்? நம்ம மவ கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் எங்க நட்டோம்? வீட்டு ஈசானில. தாலி எங்க கட்டுனாவ? மண்டபத்துல. கால் நடுறது ஒரு எடம், தாலி கட்டறது ஒரு எடம். இதுவும் அப்படித்தான். ஈசானில ஒரு எழும்பு எழும்பி எறங்கட்டும். பொறவு தம்பி எங்க வேணும்னாலும் கொண்டுபோய் விடட்டும்."

தோப்புக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அதுல தப்பில்ல" என்றார் கடைசியில்.

இருபது வருஷம் முகூர்த்தக்கால் நடுவதை வீடியோ எடுத்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. மேட்டிலிருந்து விட்டாலும், நடுவில் பருந்து வந்தால், காற்று வந்தால், நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்துகிற பட்டையைத் தள்ள என்னால் முடியாது என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து இறக்கையை மாட்ட முயன்றேன். திருகு சின்னது, எள்ளைப் போல. இரண்டு தரம் மண்ணில் விழுந்தது. மரமேறி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அதத் தள்ளத்தான ஆள் வேணும்? நான் தள்ளுதேன். நீங்க சொல்லுங்க."

போனில் அந்தப் பட்டையைக் காட்டினேன். பெருவிரலை வைத்துத் தள்ளினார். அசையவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டுத் தள்ளினார். அசையவில்லை. முப்பது வருஷம் மரத்தைப் பிடித்துக் காய்த்துப்போன விரல். போனுக்கு அதை மனித விரல் என்றே தெரியவில்லை.

"உங்களுக்கு ஆடுது, எனக்கு ஒறைக்கல. நல்ல சோடி" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எத்தனையோ மாதம் கழித்து அந்தக் கையைப் பற்றி நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தோப்புக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏன் ஞாயிறு என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் என் மனைவிக்கு லீவு, அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும், பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கோழி கிளறிய சுருள். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒரு வருஷமாகச் சொல்லாததையும் சொன்னேன்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத இப்பத்தான் சொல்றீங்களாக்கும்" என்றாள். "உங்க டம்ளர்ல எம்புட்டு நாளா முக்கால்தான் காப்பி ஊத்துதேன், தெரியுமா?"

தெரியும். பால் விலை ஏறிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"ததும்பிக் கையில ஊத்திக்கிடுவீங்கன்னுதான். நீங்களா வாயத் தொறக்கட்டும்னு இருந்தேன். சரி, நாயித்துக்கிழம நான் என்ன செய்யணும்?"

நான்கு நாள் சாயங்காலமும் அவளுக்கு அந்தப் பட்டையைத் தள்ளச் சொல்லிக் கொடுத்தேன். துணி மடிக்கிற விரல், ஒரே இழுப்பில் தள்ளியது. "இதுக்கா இம்புட்டு ஒளிச்சு வச்சீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பைக்கில் செண்பகத்தோப்புக்குப் போனோம். ஈசானி மூலையில் புதுச் செங்கல், புதுத் தேங்காய். சூடம் எரிந்தது. ட்ரோனை ஆள் உயரத்துக்கு எழுப்பி அப்படியே இறக்கினேன். தோப்புக்காரர் கும்பிட்டார். பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து ஒன்பது ஏக்கரும் நடந்து மோட்டார் ரூமுக்குப் போனோம். பாயை அங்கே விரித்தேன். அவள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, கறுப்புத் துணிக்குள் போனை வைத்துக்கொண்டு, சிவப்புப் பட்டைக்கு ஒரு அங்குலம் மேலே விரலை நிறுத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு சால் முடியும்போதும், "தள்ளவா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

இருபது நிமிஷம் அப்படியே போனது. தோப்புக்காரர் துணிக்குள் தலையை விட வந்தார். "அண்ணாச்சி, செத்தத் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் அடிக்கி" என்று அவள் சொன்னாள். அவர் தள்ளி நின்றார். இதைச் சொல்ல எனக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன். தென்னங்கொண்டைகள் எல்லாம் கீழே, தூரத்தில், சின்னச் சின்ன நட்சத்திரமாகக் கிடந்தன. தள்ள வேண்டியே வரவில்லை. ட்ரோன் தானாகத் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தது. அவள் விரலை எடுத்து உதறினாள். "மரத்துப்போச்சு" என்றாள்.

படம் நன்றாக வந்தது. குருத்து காய்ந்த மரம் இருபத்து மூன்று. பதினெட்டு இல்லை. மரமேறி அதைக் கேட்டதும், "பாத்தியளா, மொதலாளி சொன்னது கம்மி" என்றாராம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பறக்கவிடுகிறேன். மற்ற ஆறு நாளும் அவளுக்கு வேலை. வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் தட்டிப்போகிறது. இந்த நாள்தான் முடியும் என்று போனில் சொல்வதும் அவள்தான். போகிற இடத்தில் ஈசானி மூலை எது என்று முதலில் கேட்பதும் அவள்தான். அங்கே ஒரு எழும்பு, பிறகு மேட்டுக்கு. நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பேன். நோட்டு இப்போது அவள் பையில் இருக்கிறது. ஆப் சென்ற மாதம் மறுபடி பொத்தான்களை மாற்றியது. அவள்தான் எழுதினாள், கோடு ஆடாத கையெழுத்தில்.

வருகிற ஞாயிறு சேத்தூரில் ஒரு மாந்தோப்பு. நேற்றுத் துணி மடித்துவிட்டு வந்தவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஒரு நாயித்துக்கிழமையாவது படுத்துக் கெடக்கணும்னு இருக்கு" என்றாள்.

"இந்த வாரம் வேண்டாம்னு சொல்லிரவா?" என்றேன்.

"நீங்களா? சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். போன் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. நான் எடுத்து அந்த மாந்தோப்புக்காரரின் நம்பரைத் தேடினேன். மணி அடித்து அவர் எடுக்கும் வரை காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இந்த வாரம் இல்லை, அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று சொன்னேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.